சிடி தின்னாத பொட்டி

உப்பு விளையிற ஊருல கண்ணீருக்கு மரியாதை கெடயாது, பாத்துக்கிடுங்க. ஒருத்தன் கண்ணு கலங்கி நடந்து போனாம்னா, உப்பளத்துக் காத்து கண்ணுல அடிச்சிருக்கும்னு சொல்லிட்டு அவனவன் சோலியப் பாக்கப் போயிருவான். அப்பிடியாப்பட்ட எங்க வெள்ளோடையில, பஸ்ஸு திரும்புற முக்குல, என் கொழுந்தன் தவசிலிங்கம் கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தான், அவன் கடை வாசல்ல நான் எண்ணச்சட்டி வச்சிருந்தேன். அவன் உள்ள இருந்து பேப்பர் எடுப்பான், நான் வெளிய இருந்து பருப்பு வடை எடுப்பேன், ரெண்டும் சூடாத்தான் வரும், ஆனா கூட்டம் என்னமோ என் பக்கந்தான் நிக்கும். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியிலதான் பொறக்கும். ஊருல எவன் மண்டையப் போட்டாலும், பாடை கட்டுறதுக்கு முந்தி போட்டாவத் தூக்கிக்கிட்டு தவசிகிட்டதான் ஓடியாருவாவ, அவனும் செத்தவன் தலையச் சுத்தி ஒரு வெளிச்சம் வச்சு, ரெண்டு புறாவப் பறக்கவிட்டு, உசுரோட இருந்தப்ப ஒருநாளும் இல்லாத சாந்தத்த மூஞ்சியில பூசி, கண்ணீர் அஞ்சலின்னு கொட்டை எழுத்துல அடிச்சுக் குடுப்பான்.

"கொழுந்தனாரே, நான் போனா எனக்குப் புறா வேண்டாம், ரெண்டு வடையப் பறக்கவிடும்"னு நான் சொல்லுவேன்.

"வடை கனம் மைனி, பறக்காது. அதுலயும் உங்க வடை சுத்தமாப் பறக்காது"ம்பான்.

அவனுக்கும் அவன் பொண்டாட்டி சொர்ணகலாவுக்கும் ரொம்ப காலம் காத்துக் கெடந்து பொறந்தது ஒரு பொம்பளப் பிள்ள. வீட்டுல வச்ச பேரு என்னமோ பெரிய பேரு, நான் அத பொரிகடலைன்னுதான் கூப்பிடுவேன், ஏன்னா எந்நேரமும் அது கையில ரெண்டு பொரிகடலை இருக்கணும், இல்லன்னா ஊரையே ரெண்டாக்கிப்போடும். நடை பழகுன புதுசுல, கொலுசு குலுங்க தத்தித் தத்தி கடைக்குள்ள போகும். பொட்டியில சிடித் தட்டு வெளிய வாரதுக்கு ஒரு பொத்தான் இருக்குமில்லா, அத அமுக்கும். தட்டு உள்ளங்கைய நீட்டுன மாதிரி வெளிய வரும். அது மேல ஒரு பொரிகடலைய வச்சு, "ஆ... ம்"னு சொல்லி உள்ள தள்ளிவிடும். பெத்தவ ஊட்டுனா இதுக்கு ஒரு வாய் எறங்காது, நாக்காலயே தள்ளித் தள்ளித் துப்பும், ஆனா பொட்டிக்கு மட்டும் பாந்தமா ஊட்டும். தவசி திருப்புளியப் போட்டு நோண்டி ஒவ்வொரு பொரிகடலையா வெளிய எடுப்பான், எடுத்து அவனே தின்னுருவான்.

"பிள்ளைக்கு ஊட்டியே என் இடுப்பு ஒடியுது, இனி பொட்டிக்கும் பசியாத்தணுமாக்கும்"னு சொர்ணம் தலையில அடிச்சுக்கிடுவா, சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சுக்கிடுவா.

ஐப்பசி மழையில அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்துது. வந்த காய்ச்சல் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு. அதுக்கு மேல அதப் பத்தி என் வாயி சொல்லாது.

எங்க பக்கத்துல பச்சப்பிள்ள போச்சுன்னா அதுக்கு ஒண்ணும் கெடயாது. பந்தல் கெடயாது, கொட்டு கெடயாது, பாடை கெடயாது, அப்பங்காரன் துணியில பொதிஞ்சு ரெண்டு கையில ஏந்திக்கிட்டுப் போவான், பெரியவங்களப் பொதைக்கிற எடத்துலகூட எடம் கெடயாது, ஓடைக் கரையில ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். பதினாறு கெடயாது, எலை கெடயாது, போஸ்டர் கெடயாது, வெளக்கேத்தி வைக்கப் படம் கெடயாது. துக்கம் விசாரிச்சு துட்டி கேக்கவும் யாரும் வரமாட்டாவ, கேட்டா அடுத்த பிள்ள தங்காதும்பாவ. பெத்தவ சத்தம் போட்டு அழப்பிடாது, அதுக்கும் அதே காரணந்தான். பெரிய சாவுன்னா ஊரு பதினாறு நாளும் கூடவே கெடந்து அழுக வச்சு, சோறாக்கிப் போட்டு, பதினாறாம் நாளு பாயாசத்தையும் ஊத்தி, போதும் எந்திரின்னு சொல்லிட்டுப் போகும். இதுக்கு எந்திரின்னு சொல்ல ஆளு இல்ல. அதனால தவசி குளிச்சிட்டு வந்து மறுநா கடையத் தொறந்தான், சொர்ணம் குளிச்சிட்டு வந்து உலை வச்சா. ரெண்டு பேரும் அதோட அப்பிடியே நின்னுபோனாவ.

கொஞ்ச நாள்ல பொட்டியும் நின்னுபோச்சு.

யாரோ ஒரு கெழவருக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்க உக்காந்த தவசி பொத்தான அமுக்குறான், உள்ள காத்தாடி சுத்துது, திரை மட்டும் கருப்பாக் கெடக்கு, மேல மூலையில வெள்ளையா ஒரு வரி இங்கிலீஷு.

"என்னவாம்?"னு நான் சட்டிகிட்ட இருந்தே கேட்டேன்.

"உள்ள இருந்ததெல்லாம் மறந்துபோச்சாம் மைனி. சிடியப் போட்டு எதையாவது அமுக்குன்னு சொல்லுது."

"சொன்னதச் செய்யும், அமுக்குறதுக்கென்ன?"

"போட்டா துப்புதே!"

நான் எந்திரிச்சுப் போயிப் பாத்தேன். சிடிய வைக்கான், தட்டு உள்ள போகுது, உள்ள கொஞ்ச நேரம் கொரட்டை விட்ட மாதிரி ஒரு சத்தம், அந்தால தட்டு வெளிய வந்து சிடியத் தள்ளுது. பச்சப்பிள்ள வேண்டாத சோத்த நாக்கால தள்ளுமே, அச்சு அசல் அப்பிடி. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல.

தவசி அதுக்குத் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பாத்தான். சிடிய சட்டையில தொடச்சான், வேற சிடி போட்டான், பஞ்ச மருந்துல நனைச்சு உள்ள இருக்க கண்ணாடியத் தொடச்சான், ஒயர மாத்துனான், உள்ள இருந்து ஒரு பச்சப் பட்டைய உருவி பள்ளிக்கூடத்து ரப்பர வச்சுத் தேச்சுத் தேச்சு மாட்டுனான். பெறவு நீலத் திரை ஒண்ணக் கொண்டாந்து அதுல ஏதோ வரிசைய மாத்துனான்.

"இதென்ன வரிசை?"

"முழிச்சதும் மொதல்ல யாரு மூஞ்சியப் பாக்கணும்னு இதுக்கு ஒரு வரிசை உண்டு மைனி. மொதல்ல சிடி மூஞ்சியில முழின்னு மாத்தியிருக்கேன்."

"நீரு சொர்ணம் மூஞ்சியில முழிக்கிற மாதிரியா? அப்பம் வெளங்கினாப்பலதான்"னேன். முந்தியெல்லாம் இதுக்குச் சிரிப்பான். அன்னைக்குத் திரும்பிக்கூடப் பாக்கல.

தூத்துக்குடியில இருந்து ஜெபமணின்னு ஒரு மெக்கானிக்கு வந்தாரு. பொட்டியக் கழத்தி மல்லாக்கப் போட்டு, எங்கிட்ட எட்டு வடையத் தின்னு, எல்லாத்தையும் மாட்டிட்டு, கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "அண்ணாச்சி, பொருள்ல ஒரு கொறையும் இல்ல. சிடியும் நல்ல சிடி. இதுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

பொட்டி படுத்துட்டுங்கிற சேதி ஊருக்குள்ள போச்சு. இங்கதான் எங்க சனத்த நீங்க தெரிஞ்சுக்கிடணும். பிள்ளைக்கு வந்து கேக்கப்பிடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்த அத்தன பேரும், பொட்டிக்கு வந்து கேட்டாவ. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து, செருப்ப வெளிய விட்டுட்டு, தவசி பக்கத்துல உக்காந்து, "எப்பிடிப் போச்சு?"ம்பாவ. "நல்லாத்தான் இருந்துது, திடீர்னு"ம்பான் அவன். "நம்ம கையில என்ன இருக்கு"ன்னு சொல்லி அவன் கையப் பிடிச்சுட்டு, சொல்லிக்காமப் போவாவ. பொம்பளைங்க வீட்டுக்குள்ள போயி சொர்ணத்துகிட்டயும் பொட்டிக்குத்தான் துட்டி கேட்டாவ. அவ முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு, "ஆமா, நல்ல பொட்டி"ன்னு சொல்லிக் குலுங்குனா.

அப்பிடிக் கேக்க வந்த ஆளுதான் மாசானமுத்து மாமா. வெள்ளச்சின்னு ஒரு ஆடு வளத்தாரு, அது லாரியில அடிபட்டு மாசக்கணக்காச்சு, அதோட கழுத்து மணிய மடியில கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டே திரிவாரு, ஊரே அவரக் கேலி பண்ணும், நானுந்தான், "மாமா, அத்தைக்கு இவ்வளவு அழலையே"ன்னு. அவரு தவசி கையப் பிடிக்கிறதுக்காக, மடியில இருந்து எடுத்துக் கையில உருட்டிக்கிட்டு இருந்த மணிய எறக்கி வைக்க எடந்தேடி, நீட்டிக்கிட்டுக் கெடந்த சிடித் தட்டுல வச்சாரு. தட்டு உள்ள போச்சு. திரும்பி வந்துது, மணி இல்ல. தவசி பதறிப்போயி பொட்டியக் கழத்தித் தட்டுனான், கவுத்தான், குலுக்குனான், தூசிதான் கொட்டுச்சு.

"என்னவே தேடுத?"ன்னாரு மாமா.

"உங்க மணி மாமா, வெள்ளச்சி மணி!"

"எந்த வெள்ளச்சி?"ன்னாரு. கேட்டுட்டு, எங்கிட்ட வந்து ரெண்டு வடைய வாங்கி, சட்னியத் தொட்டுத் தின்னு, ஏப்பம் விட்டுட்டு வீட்டுக்குப் போயி, பகல்லயே கொரட்டை விட்டுத் தூங்கிட்டாராம்.

வேற ஊருன்னா பேய்னு ஓடியிருப்பாவ. எங்க ஊருல மறுநா காலையில வரிசை.

அந்தப் பொட்டி என்ன திங்கும், எதத் துப்பும்னு ஊரே சேந்து கண்டுபிடிச்சுது. பஞ்சாயத்துத் தலைவி அவுக மாமியாரோட மூக்குக் கண்ணாடியக் கொண்டாந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி மூக்க உறிஞ்சிக்கிட்டு வச்சாவ, பொட்டி அத தூரத் துப்பிட்டு. "அதான் பந்தி பந்தியா எலை போட்டு, பேண்டு செட்டு வச்சு, போஸ்டர் அடிச்சு அழுதாச்சேம்மா, இன்னும் என்னத்துக்கு?"ன்னு நான் சொன்னேன். நான் விளையாட்டுக்குச் சொன்னேன், ஆனா அதுதான் கணக்கு. ஊரு கூடி அழுத சாவு எதையும் அது தொடல. அழுகுறதுக்கு ஒரு முறை இல்லாத துக்கத்தத்தான் அது திங்கும். ஆட்டுக்கு அழுதவரு, வயித்துலயே கலைஞ்சத யாருகிட்டயும் சொல்லாதவ, உசுரோட இருந்துக்கிட்டே பேசாமப்போன கூட்டாளிக்கு ஏங்குனவன், இப்பிடியாப்பட்ட சனம் மடியிலயும் முந்தானையிலயும் சின்னச் சின்ன சாமானா மறைச்சுக்கிட்டு வந்து நின்னுது. வச்சுட்டுத் திரும்புன ஆளுக்கு, அது யாருக்காக அழுதோம்ங்கிறது சுத்தமாத் தொடச்சு விட்டாப்பல போயிரும். ராத்திரி ஒறங்கிரும்.

அமலோற்பவம்னு ஒரு பொண்ணு வந்தா. புருசன் கப்பலுக்குப் போனவன், போன கப்பல் வந்துது, அவன் வரல, செத்தாம்னு சொல்லவும் ஆளு இல்ல, இருக்காம்னு சொல்லவும் ஆளு இல்ல. கல்லறையும் கெடயாது, பூசையும் கெடயாது. நல்லது பொல்லாததுக்கு எந்த வரிசையில உக்காரன்னு தெரியாம எல்லா வீட்டுலயும் அடுப்படியிலயே நிப்பா. அவன் சீப்பக் கொண்டாந்தவ, தட்டுல வைக்கப்போயி நிறுத்தி, பின்னால நின்ன தையக்காரர் பிச்சையாவத் திரும்பிப் பாத்தா.

"அண்ணாச்சி, நான் மறந்துருவேன். அவரு என்னைக்காவது வந்து நின்னாருன்னா, இன்னாருன்னு எனக்குச் சொல்லுதியளா?"

"ஆளு எப்பிடி இருப்பாரும்மா?"

"சிரிச்சா ஒரு பக்கந்தான் சிரிப்பாரு. எடது புருவத்துல ஒரு தழும்பு. பஸ்ஸ விட்டு எறங்குனதும் வேட்டிய ஒரு தடவ ஒதறிக் கட்டுவாரு."

பிச்சையா சரின்னு தலையாட்டுனாரு. அன்னையில இருந்து எந்த பஸ்ஸு முக்குல திரும்புனாலும், அந்த மனுசன் தைக்கிறத நிறுத்திட்டு வாசலுக்கு வந்து, எறங்குறவன் வேட்டிய ஒதறுதானான்னு பாப்பாரு, முன்னப் பின்ன பாக்காத ஒருத்தன நெனச்சு கண்ணு கலங்கிப் போயி உக்காருவாரு. அமலோற்பவம் எதுத்தாப்பல நின்னு மல்லியப்பூ வாங்கித் தலையில வச்சுக்கிட்டு இருப்பா.

அதுவே வழக்கமாப்போச்சு. வரிசையில பின்னால நிக்கிற ஆளு, முன்னால நிக்கிற ஆளோட துக்கத்தக் காதுல வாங்கிக்கிடணும், வாங்கி வச்சுக் காப்பாத்தணும், கொடுத்தவங்ககிட்ட மூச்சு விடப்பிடாது. பெறவு தன்னோடதத் தட்டுல வச்சுட்டு, அடுத்த ஆளு காதுல சொல்லிட்டுப் போகணும். ஊருல எல்லாரும் சொந்தக் கவலையக் குடுத்துட்டு, அடுத்த வீட்டுக் கவலைய வாங்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சாவ. அடுத்தவன் கவலை கொஞ்சம் கனம் கம்மிதான், பாத்துக்கிடுங்க, எறக்கி வச்சுட்டு ஒரு டீ குடிக்கலாம். மாமா எறக்குன ஆட்டுத் துக்கத்தப் பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் ஏத்துக்கிட்டு வெள்ளச்சிய நெனச்சு அழுதாரு, மாசானமுத்து மாமா அவருகிட்ட போயி, "எதுக்குவே அழுத, ஆடுன்னா சாகத்தான செய்யும்"னு ஆறுதல் சொன்னாரு. பொண்ணு பாக்க வந்த எடத்துல, "பையனுக்கு வேலை இருக்கு, சரி, யாரு கவலைய வச்சிருக்காராம்?"னு கேக்குற அளவுக்கு வந்துட்டு.

நான் அந்த வரிசையில நிக்கல. எங்கிட்ட என்ன இருக்கு குடுக்க? நானும் எங்க வீட்டுக்காரரும் பிள்ள வரம் கேட்டு கோயில் கோயிலாச் சுத்தி ஓஞ்சவங்க. பெத்துப் பறிகொடுத்தவளுக்குக் கையில ஒரு கொலுசு மிஞ்சும், பெறாதவ எதக் கொண்டுபோயி தட்டுல வைப்பா, எண்ணச்சட்டியையா? அதனால நான் வாசல்ல இருந்துக்கிட்டு வரிசையில நிக்கவங்களக் கேலி பண்ணுத வேலையப் பாத்தேன்.

ஒருநா வரிசைக் கடைசியில சொர்ணம் வந்து நின்னா. கையில கைக்குட்டை முடிச்சு. முடிச்சு அசைஞ்சா சத்தம் வரும், அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும், உள்ள உக்காந்திருக்க தவசிக்கும் தெரியும். அவ முறை கிட்ட வந்ததும், பின்னால நிக்கவங்களப் பாத்து, "நீங்க முந்திப் போங்க"ன்னு வழிய விட்டுட்டு, திரும்பக் கடைசியில போயி நின்னா. மறுநாளும் வந்தா, மறுநாளும் வழிய விட்டா.

தவசி எங்கிட்ட வந்து குந்துனான். வடை எடுக்கல.

"மைனி, அவ மறந்துட்டான்னா நான் யாருகூட அழுவேன்?"

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்குச் சேந்து அழுதிய? நான் பாக்கலையே."

"அழல. அழாம இருக்குறதுக்கும் ரெண்டு பேரு வேணும்லா மைனி."

நான் ஒரு வடைய எடுத்து அவன் கையில வச்சேன்.

அதுக்குப் பெறவுதான் அவன் வெறி பிடிச்சாப்பல பொட்டியோட மல்லுக்கு நின்னான். முந்தி கடை ஓடணும்னு ரிப்பேர் பாத்தான், இப்ப பொண்டாட்டி பிள்ளைய மறந்துரப்பிடாதுன்னு பாத்தான். பொட்டி ஒரு சிடியத் தின்னு முழிச்சுருச்சுன்னா அதோட பசி அடங்கிரும், அதுக்குப் பெறவு வேற எதையும் திங்காதுன்னு அவனுக்கு ஒரு நெனப்பு. தூத்துக்குடிக்குப் போயி சிடி வாங்கியாந்தான், மதுரைக்கு ஆள விட்டு ஒரிஜினல் சிடி வாங்கியாந்தான், ஒவ்வொண்ணையும் சோப்புத் தண்ணியில கழுவி, பிள்ளையத் தொவட்டுற மாதிரி தொவட்டி, தட்டுல வச்சு, நீலத் திரையில வரிசைய மாத்தி, மொதல்ல இத, மொதல்ல இதன்னு அதுகிட்டக் கெஞ்சுனான். கடைசியில அவனையும் அறியாம "ஆ... ம்"னு சொல்லி உள்ள தள்ளுனான். பொட்டி நாக்க நீட்டித் துப்புச்சு.

ஒருநா ஷட்டர எறக்கிப் பூட்டிட்டான். சனம் சண்டை போடல. ஆளுக்கொரு சாமானக் கையில வச்சுக்கிட்டு, ரோட்டோரத்துல வெயில்ல சும்மா உக்காந்துது. அதுல அளத்துல உப்பு வார்ற ஒரு பொம்பள, கையில ஒரு சின்ன வளையல வச்சுக்கிட்டு, ஷட்டரையே பாத்துக்கிட்டு இருந்தா. உச்சிப்பொழுது வரைக்கும் பாத்தான் தவசி. எந்திரிச்சு வந்து பூட்டத் தொறந்துவிட்டான்.

"கிறுக்கா, உமக்கே வெனைய வச்சுக்கிடுதீரே"ன்னேன்.

"அவுக வளையலும் எங்க வீட்டுக் கொலுசும் ஒண்ணுதான மைனி"ன்னான்.

அன்னைக்கு மத்தியானந்தான் சொர்ணம் யாருக்கும் வழி விடல. அவ முறை வந்துது. பின்னால நிக்கிற ஆளுகிட்ட சொல்லணும்னு திரும்புனா. அவ பின்னால யாரும் இல்ல. ஆட்டு மணிய வாங்கிக்கிட சனம் உண்டு, சீப்ப வாங்கிக்கிட உண்டு, ஒரு பச்சப்பிள்ளைய வாங்கிக் காப்பாத்துற தெம்பு யாருக்கு இருக்கு? அவ முறை நெருங்க நெருங்க, "அடுப்புல பால வச்சிருக்கேன்", "மாட்ட அவுக்கணும்"னு பின்னால நின்ன வரிசை கரைஞ்சு போயிருந்துது. அவ முடிச்ச நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு காலி ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னா.

நான் சட்டிய எறக்கி வச்சேன். கையச் சேலையில தொடச்சுக்கிட்டுப் போயி, அவ பின்னால நின்னேன்.

"யக்கா, நீங்களா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா? சொல்லுட்டி."

அவ சொன்னா. பிள்ள வயித்துல இருந்தப்ப எந்தப் பக்கம் உதைச்சுதுன்னு சொன்னா, மொதப் பல்லு எது, மழை இடிக்குச் சிரிச்சது, பூனைய அம்மான்னு கூப்பிட்டது, தூங்குறப்ப இவ காது மடலப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும்னு, கடைசி ராத்திரி கொதிக்கிற கையால அதே காதப் பிடிச்சுதுன்னு, விடியறப்ப அந்தக் கை தானா விட்டுதுன்னு. சாமானத் தலையில ஏத்துற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து எம் மேல வச்சா. நான் அசையாம நின்னேன். பேரையும் சொன்னா. அந்தப் பெரிய பேர அன்னைக்குத்தான் நான் முழுசா வாங்குனேன்.

பொட்டிகிட்ட தவசி மண்டி போட்டுக் கெடந்தான், கையில சிடி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு சொர்ணம், இதப் போட்டுப் பாத்துருதேன், கொஞ்சம் பொறு."

"நெனப்ப நீங்க வச்சுக்கிடுங்க. அவள நெனச்சுக்கிட ஒருத்தர் இருந்தாப் போதும். என்னால முடியல, எனக்கு ஒரு நாளு தூங்கணும்."

முடிச்ச அவுத்தா. ரெண்டு கொலுசு. தட்டுல வைக்கப்போன கையத் தவசி பிடிச்சான். பிடிச்சு, ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டான். "ஒண்ணையாவது விடு"ன்னான். அவ இன்னொண்ண வச்சா.

தட்டு உள்ள போச்சு. கொரட்டைச் சத்தம் கேட்டுது. நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டே நின்னோம். திரையில இருந்த அந்த வெள்ள வரி மறைஞ்சு, கருப்பு கொஞ்சங் கொஞ்சமா நீலமாகி, வெளிச்சம் வந்து, பொட்டி முழிச்சிட்டு. நல்ல ஒறக்கத்துல இருந்து எந்திரிச்ச பிள்ள மாதிரி ஒரு சின்ன ராகம் பாடிச்சு.

"பரவாயில்லையே, சரியாயிட்டா?"ன்னா சொர்ணம். அவன் தரையில கெடந்து குலுங்குறதப் பாத்துட்டு, "இதுக்குப் போயி எதுக்கு இப்பிடி அழுதிய? வாங்க, சோறு ஆறுது"ன்னு சொல்லிட்டு முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு நடந்தா.

தவசி எந்திரிச்சு, கையில இருந்த கொலுசத் தட்டுல வச்சு உள்ள தள்ளுனான். தட்டு திரும்ப வந்துது. கொலுசு அப்பிடியே இருந்துது. திரும்பத் தள்ளுனான். அப்பவும் இருந்துது. அதுக்குப் பெறவு அது எந்தத் துக்கத்தையும் தொடல, போட்ட சிடியையெல்லாம் சமத்தாத் தின்னுது.

ஊரு கொஞ்ச நாள் முணுமுணுத்துட்டு அதையும் பழகிக்கிட்டு. கடைக்குத் திரும்பக் கல்யாணப் பத்திரிகை வந்துது, புறா பறந்துது. பிச்சையா இன்னைக்கும் பஸ்ஸப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. சொர்ணம் நல்லாத் தூங்குதா, மேல சதை போட்டிருக்கு. கொடியில கெடந்த ஒரு சின்னச் சட்டைய, "யாரோ விருந்தாளி விட்டுட்டுப் போயிட்டாவ போல, கேட்டுக் குடுத்துருங்கக்கா"ன்னு மடிச்சு எங்கிட்டக் குடுத்தா. நான் அத வாங்கி வச்சிருக்கேன், மத்ததோட சேத்து.

தவசி சாயந்தரம் கடைய அடைச்சுட்டு வந்து என் சட்டி பக்கத்துல உக்காருவான். "பூனைய என்னன்னு கூப்பிடும் மைனி?"ம்பான், அவனுக்குத் தெரிஞ்சதுதான். "அம்மான்னு"ம்பேன். அந்த அளவுக்குத்தான் பேச்சு. பெறவு மிஞ்சுன வடைய ரெண்டு பேரும் தின்னுட்டு எந்திரிப்போம்.

நேத்து அவுக வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாயுற நேரம். சொர்ணம் தாவாரத்துல உக்காந்து, ஒரு கிண்ணியில பருப்புஞ்சோறு போட்டு, நெய் ஊத்தி, கட்டி இல்லாம மை மாதிரி பெசஞ்சுக்கிட்டு இருந்தா. பெசஞ்சு, சின்னதா ஒரு உருண்டை உருட்டி, கைய முன்னால நீட்டுனா. நீட்டுன கை அந்தரத்துல நின்னுது. முன்னால யாரும் இல்ல. தவசி வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தான், உள்ள வரல.

"யக்கா, இதப் பாருங்களேன்"னா எங்கிட்ட, சிரிச்சுக்கிட்டே. "பொழுது சாஞ்சா எங்கையி தானாச் சோத்தப் பெசையுது. எனக்கு நெய்யே ஆகாது, இவரும் தின்ன மாட்டாரு. யாருக்குப் பெசையுதேன்னு தெரியல. காக்காவுக்கு வைக்கலாம்னா அதுவும் அடஞ்சிட்டு. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டாக்கா?"

அவ கை நீட்டுனது நீட்டுனபடியே இருக்கு, நெய் விரல்ல வழியுது.

நான் அவ முன்னால போயி சம்மணம் போட்டு உக்காந்து, வாயத் தொறந்தேன்.

"ஆ... ம்"னு சொல்லி ஊட்டிவிட்டா. சொன்னதும் அவளே திடுக்குன்னு பாத்தா, அந்தச் சத்தம் எங்க இருந்து வந்துதுன்னு.

"எப்பிடிக்கா இருக்கு?"

"உப்பு இல்லையேட்டி."

"அட ஆமா, போடவே இல்ல"ன்னா. கிண்ணிய ஒரு தடவ பாத்தா. எந்திரிச்சுப் போயி உப்பு எடுத்தாரல. அடுத்த உருண்டைய இன்னும் கொஞ்சம் சின்னதா உருட்டுனா.

நான் வாயத் தொறந்தேன்.